இரண்டு வில்ஃப்ரெட்டும் ஒரு பித்தளைத் தகடும்

எங்கள் ஊர் பிக்கரல் மில்ஸில் ஒருவரைக் காப்பி வேண்டுமா என்று கேட்டால் "வேண்டாம்" என்பார். அதற்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை. இரண்டாவது முறை கேட்டால் "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார். கிட்டத்தட்ட வேண்டும் என்று அர்த்தம். மூன்றாவது முறை கேட்டால் ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால ஒரு வாய்" என்று வாங்கி, இரண்டு பெரிய கோப்பை குடித்துவிட்டுப் போவார். ஒன்டாரியோவின் இந்தப் பக்கத்தில் நிலம் விற்பது, தீயணைப்புப் படையில் சேர்வது, கல்யாணம், எல்லாமே இந்த மூன்று கேள்வியில்தான் நடக்கும். என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டவன் இரண்டோடு நிறுத்திவிட்டான். இப்போது வின்னிபெக்கில் பெண்டாட்டி பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறான். இருந்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் மார்லா ஹக்கின்ஸ். ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தர். நாய் உரிமம் முதல் கல்லறையில் இடம் வரை எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால்தான் இந்தத் தகடு விவகாரமும் என் தலையில் விடிந்தது.

எங்கள் ஹாக்கி அரங்கத்துக்குப் புது வண்டி ஒன்று வாங்கினார்கள். ஆட்டம் ஆடிக் கீறிப்போன பனித்தளத்தைச் சீவி, மேலே வெந்நீர் விட்டு, வாசல் மெழுகுவது போல மெழுகிக்கொண்டே போகுமே, அந்த வண்டி. வாங்கலாமா வேண்டாமா என்று ஊராட்சி மன்றம் பதினோரு வருஷம் பேசியது. வேண்டா வெறுப்பாகப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்த கதை ஆகிவிடக் கூடாதென்று, பெயர் வைக்கும் வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விட்டார்கள். ஆளுக்கொரு சீட்டு. எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே பெயர்: வில்ஃப்ரெட். மீதியில் பனிராஜா, மின்னல் என்று என்னென்னவோ இருந்தது. மூன்று பேர் 'கேக்' என்று எழுதியிருந்தார்கள்.

ஊருக்கே சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் வில்ஃப்ரெட் இரண்டு பேர்.

ஒருவர் வில்ஃப்ரெட் பெட்டிபீஸ். முப்பத்தோரு குளிர்காலம் பழைய வண்டியை ஓட்டியவர். போன வருஷம்தான் ஓய்வு. இன்னொருவர் வில்ஃப்ரெட் ஹக்கின்ஸ். அரங்கத்துக்குக் கீழே ஒரு சின்ன அறையில் முப்பத்து நாலு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளின் ஸ்கேட் காலணிகளுக்கு அடியிலிருக்கும் இரும்புப் பட்டைகளுக்குச் சாணை பிடிக்கிறவர். அவர் என் அப்பா. ஊர் இவர்களை வண்டி வில்ஃப் என்றும் சாணை வில்ஃப் என்றும் சொல்லும். சீட்டில் எந்தப் பிள்ளையும் வண்டியா சாணையா என்று எழுதவில்லை. பள்ளிக்கூடத்துக்கே போய்க் கேட்டேன். மூன்றாம் வகுப்பு முழுக்க வண்டி என்றது, நான்காம் வகுப்பு முழுக்க சாணை என்றது, ஐந்தாம் வகுப்பில் அடிதடி ஆகிவிட்டது. தலைமையாசிரியை என்னை மரியாதையாக வாசல் வரை கொண்டுவந்து விட்டார்.

ஊர்த் தலைவி லொரெட்டா திங்கட்கிழமை காலை என் மேசை மேல் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"மார்லா கண்ணு, வண்டியில ஒரு பித்தளைத் தகடு அடிக்கணும். பேரோட அர்த்தம் போடு. அந்தப் பேர்ல இருந்த பெரிய மனுஷங்களப் போடு. கடைசியா நம்ம ஊர் ஆளப் போடு. வியாழக்கிழமைக்குள்ள அனுப்பணும். சனிக்கிழமை ரெண்டு மணிக்குத் திறப்பு."

"நம்ம ஊர் ஆளுன்னா எந்த ஆளு?"

"அத நீயே பாத்துக்கோ. யார் மனசும் நோகக் கூடாது. அவ்வளவுதான்."

"அதுல ஒருத்தர் எங்க அப்பா."

"அதனாலதான் உங்கிட்ட குடுக்கறேன். வேற யார்கிட்ட குடுத்தாலும் உங்க அப்பா மனசு நோகுமே."

இப்படிப் பேசித்தான் அவள் நாலு தேர்தல் ஜெயித்திருக்கிறாள்.

முதல் இரண்டு வேலையும் சுலபம். நூலகத்தில் பெயர்களுக்கென்றே ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. வில்ஃப்ரெட் என்பது பழைய இங்கிலீஷ் பெயர். முதல் பாதிக்கு ஆசை, விருப்பம் என்று அர்த்தம். இரண்டாம் பாதிக்குச் சமாதானம். சமாதானத்தை விரும்புகிறவன். நல்ல பெயர்தான். ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முதன்முதலில் பெரிய ஆளானவர், ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வட இங்கிலாந்தில் இருந்த ஒரு பிஷப். அவர் கதையைப் படித்தபோது எனக்கு மூக்கில் காப்பி ஏறிவிட்டது. ராஜாவோடு சண்டை, ராணியோடு சண்டை, தலைமைப் பிஷப்போடு சண்டை. பதவியைப் பிடுங்கி ஊரைவிட்டுத் துரத்தினார்கள். ரோமுக்குப் போய் போப்பிடம் புகார் சொல்லிவிட்டு வந்தார். ஜெயிலில் போட்டார்கள். வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கினார். எழுபது வயதில் கூட இன்னொரு புகாரைத் தூக்கிக்கொண்டு ரோமுக்குக் கிளம்பியிருக்கிறார். இவரைப் புனிதர் ஆக்கினார்கள். சமாதானம் கிடைத்தது அவருக்கல்ல, அவர் போனபிறகு மற்றவர்களுக்கு.

இன்னொருவர் வில்ஃப்ரிட் லோரியே, எங்கள் நாட்டின் பழைய பிரதமர், ஐந்து டாலர் நோட்டில் முடியைத் தூக்கி வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். ஆங்கிலக்காரர்களையும் பிரெஞ்சுக்காரர்களையும் ஒரே வண்டியில் கட்டி ஓட்டியவர். அவருக்குப் பெயர் பொருத்தம்தான்.

மூன்றாவது வேலையில்தான் சிக்கல்.

அப்பாவும் பெட்டிபீஸும் ஒரு காலத்தில் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்களாம். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சர்ச் விருந்தில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தட்டில் பட்டர் டார்ட் என்ற இனிப்பு ஒன்றே ஒன்று மிச்சம். "நீ எடுத்துக்கோ" என்றார் அப்பா. "நீ எடுத்துக்கோ" என்றார் அவர். விளக்கை அணைக்கிற வரைக்கும் இதே பேச்சு. கடைசியில் பாத்திரம் கழுவ வந்த அம்மாள் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். 'எனக்காக எடுத்துக்கொள்ளக் கூடாதா, அவ்வளவு கௌரவமா' என்று இவருக்கு மனத்தாங்கல். அவருக்கும் அதே மனத்தாங்கல். அன்றிலிருந்து இரண்டு பேரும் சண்டை போடவில்லை. அதைவிட மோசம். மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "வாங்க மிஸ்டர் பெட்டிபீஸ்." "நீங்க எப்படி இருக்கீங்க மிஸ்டர் ஹக்கின்ஸ்?" மேலே தளத்தில் ஒருவர், கீழே அறையில் ஒருவர், இருபத்தொன்பது குளிர்காலம் ஒரே கூரைக்குக் கீழே, இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அம்மா போன பிறகு அப்பாவுக்குப் பேச்சுத்துணை சாணைக் கல்தான். எனக்கு அதை நினைத்தால் சில நாள் அழுகை வரும், சில நாள் இரண்டு பேர் தலையையும் மோத வேண்டும் போல இருக்கும்.

திங்கட்கிழமை மாலை அப்பாவின் அறைக்குப் போய்க் கேட்டேன்.

"அப்பா, தகட்டுல உங்க பேரப் போடட்டுமா?"

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? மிஸ்டர் பெட்டிபீஸ் பேரப் போடு. அவருதான வண்டி ஓட்டினவரு."

செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்டேன்.

"வேண்டாம்மா. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. மக ஆபீஸ்ல இருக்கா, அப்பன் பேரு தகட்டுல இருக்குன்னு."

புதன்கிழமை, மூன்றாவது முறை. அப்பா ஒரு பட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்கென்ன பேரு வேண்டிக் கிடக்கு? வேண்டாம்."

மூன்று முறை கேட்டாகிவிட்டது. மூன்று முறையும் வேண்டாம். இந்த ஊரில் மூன்றாவது வேண்டாம் என்பது வேதவாக்கு. சரி என்று அன்று மத்தியானமே பெட்டிபீஸுக்குப் போன் போட்டேன். ஒரே போனில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும், "ஐயையோ, மார்லா, உங்க அப்பா பேரப் போடும்மா. எத்தனை புள்ளைங்க காலு அவரால நிக்குது. என் பேரு எதுக்கு" என்றுதான் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு எரிச்சல். வேண்டாம் என்கிறார்கள் அல்லவா, வேண்டாம் என்றே போட்டால் என்ன? வியாழக்கிழமை உட்கார்ந்து இப்படி எழுதி அனுப்பினேன்:

'வில்ஃப்ரெட். பொருள்: சமாதானத்தை விரும்புகிறவர். இப்பெயர் கொண்ட பெரியோர்: ஒரு புனிதர், ஒரு பிரதமர், இவ்வூரைச் சேர்ந்த இருவர். அவ்விருவரும் தங்கள் பெயரைப் போட வேண்டாமென்று தனித்தனியே மும்முறை கேட்டுக்கொண்டார்கள்.'

எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பளபளவென்று தகடு வந்துவிட்டது. துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன்.

பதினோரு மணிக்கு அப்பா உள்ளே வந்தார். முடி வெட்டியிருந்தார். மீசையை ஒதுக்கியிருந்தார். கழுத்தில் டை கட்டியிருந்தார். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அந்த டையை நான் பார்த்ததே இல்லை.

"தகடு வந்துடுச்சாம்மா? சும்மாதான் கேட்டேன். இந்தப் பக்கமா வந்தேன்."

"இந்தப் பக்கம் என்னப்பா இருக்கு? குப்பைக் கிடங்குதான இருக்கு?"

"ஆமா. அதப் பாத்துட்டு வரலாம்னு." கொஞ்ச நேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வெர்னா அத்தை வர்றா. சட்பரில இருந்து, பஸ்ல. நான் ஒண்ணும் சொல்லல. அவளாத்தான் வர்றேன்னா."

சட்பரியிலிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து எந்த அத்தையும் ஒரு வண்டியைப் பார்க்க வரமாட்டாள். எனக்குச் சுரீர் என்றது. பின்னறைக்கு ஓடி லொரெட்டாவைப் பிடித்தேன்.

"மூணு தடவை கேட்டேன் லொரெட்டா! திங்கள், செவ்வாய், புதன். மூணு தடவையும் வேண்டாம்னாரு!"

லொரெட்டா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் சர்ச்சுக்குள் பன்றியை ஓட்டி வந்தது போல.

"மூணு நாளாவா? அடிப் பாவி! ஒரே மூச்சுலதான மூணு தடவை கேக்கணும்? திங்கட்கிழம கேட்டது திங்கட்கிழமயோட போச்சு. செவ்வாய்க்கிழம மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பம். நீ உங்க அப்பாவ மூணு தடவையும் முதல் தடவைதான் கேட்டிருக்கே!"

"பெட்டிபீஸ ஒரே போன்ல மூணு தடவை கேட்டேனே!"

"போன்ல கேட்டா எண்ணிக்கையில சேராது. மூஞ்சியப் பாத்துக் கேக்கணும். நாப்பத்து மூணு வயசாச்சு, இந்த ஊர்லதான பொறந்தே? உனக்குக் கல்யாணம் ஆகாததுல ஆச்சரியமே இல்ல போ."

திரும்பி வந்தேன். அப்பா அதே நாற்காலியில், அதே தொப்பியோடு. குற்ற உணர்ச்சி ஆளைத் தின்றது. யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"அப்பா, தகட்டுல உங்க பேரப் போடட்டுமா?"

"எதுக்கும்மா?"

"போடட்டுமா?"

"சிரமம்மா உனக்கு."

"போடட்டுமாப்பா?"

அவர் பெருமூச்சு விட்டார். "சரி. நீ இவ்வளவு சொல்றதால." எழுந்து, கதவுக்குப் பதிலாக அலமாரியைத் திறந்து, சிரித்து, கதவைத் திறந்து போனார். எழுபத்து நாலு வயது மனிதர் படியில் துள்ளி இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

ஆறு மைல் தள்ளியிருக்கும் செதுக்குப் பட்டறைக்குப் போன் போடக் கை வைத்தேன். கதவு திறந்தது. வில்ஃப்ரெட் பெட்டிபீஸ். புதிதாக முடி வெட்டியிருந்தார். எங்கள் ஊரில் முடி வெட்டுகிறவர் ஒருவர்தான், அவருக்குத் தெரிந்த வெட்டும் ஒன்றுதான். எனவே முடியைப் பொறுத்தவரை என் அப்பாதான் மறுபடி உள்ளே வந்து நின்றார்.

"இந்தப் பக்கமா வந்தேன் மார்லா. தகடு வந்துடுச்சா? சும்மாதான்."

அந்த மனிதர் முகத்தைப் பார்த்து, "வந்துடுச்சு, உங்க பேரு அதுல இல்ல" என்று எப்படிச் சொல்வது? வாய் பழக்கத்தில் தானாகக் கேட்டது. ஒன்று. இரண்டு. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். மூன்று. அவரும் பெருமூச்சு விட்டு, "சரி, நீ இவ்வளவு வற்புறுத்தறதால" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டறைக்குப் போன் அடித்தால் பதிவுக் குரல் சொல்கிறது: 'மான் வேட்டைக்குப் போயிருக்கிறேன். திங்கட்கிழமை வருவேன்.' நவம்பர் முதல் வாரத்தில் இந்த மாவட்டத்தில் மாரடைப்பு வந்தால் கூடத் திங்கட்கிழமை வரை தள்ளிப்போட வேண்டியதுதான்.

ஆக, சம்மதம் சொன்ன வில்ஃப்ரெட் இரண்டு. தகட்டில் இருக்கும் வில்ஃப்ரெட் பூஜ்யம்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. புது வண்டி ரிப்பன் கட்டி வாசலில் நின்றது. எங்கள் பையன்களும் பக்கத்து ஊர்ப் பையன்களும் மட்டையோடு ஓரத்தில் காத்திருந்தார்கள். முதல் வரிசையில் இந்தப் பக்கம் அப்பா, வெர்னா அத்தை. அந்தப் பக்கம் பெட்டிபீஸ், அவர் மனைவி, அவர் மனைவியின் அண்ணன் குடும்பம் மொத்தம். வண்டியில் அடித்திருந்த தகட்டின் மேலிருந்த துணியை லொரெட்டா விலக்கினாள். தகட்டை மைக்கில் படிக்கச் சொல்லி என்னைத் தள்ளினாள். தப்பித்துக்கொள்வதில் அவளுக்கு நிகர் இல்லை.

படித்தேன். 'மும்முறை கேட்டுக்கொண்டார்கள்' என்று முடித்தேன்.

முதலில் கை தட்டியது அப்பாதான். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். பெட்டிபீஸும் கை தட்டினார். "ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு" என்றார். எங்கள் ஊரில் ஒருவர் நெஞ்சு உடைந்துபோனால் சொல்கிற வார்த்தை அது. அப்பா டையைத் தளர்த்திக் கழற்றி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பனித்தளத்திலேயே ஓட்டை போட்டு உள்ளே இறங்கிவிடலாம் போலிருந்தது.

நிலைமையைச் சமாளிக்க லொரெட்டா மைக்கைப் பிடுங்கினாள். "இப்ப நம்ம வில்ஃப், வண்டிய முதல் சுத்து ஓட்டி ஆரம்பிச்சு வைப்பாரு!"

எந்த வில்ஃப் என்று அந்தப் புத்திசாலி சொல்லவில்லை. இரண்டு பேரும் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"நீங்க போங்க மிஸ்டர் பெட்டிபீஸ்."

"ஐயோ, நீங்க போங்க மிஸ்டர் ஹக்கின்ஸ்."

"நீங்கதான் ஓட்டினவரு."

"நீங்கதான் மூத்தவரு."

"நீங்க போறதுதான் முறை."

"முறைன்னா நீங்கதான்."

மூன்று முறை ஆனது. ஒருவர் கேட்டு ஒருவர் மறுத்தால் மூன்றில் முடியும். இரண்டு பேருமே கேட்கிறவர்களாக இருந்தால் எதில் முடியும்? இதற்கு எங்கள் ஊரில் சட்டமில்லை. ஐந்து ஆனது. எட்டு ஆனது. கூட்டத்தில் சிலர் வாய்விட்டே எண்ண ஆரம்பித்தார்கள். பையன்கள் குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். பக்கத்து ஊர்ப் பயிற்சியாளர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் மரியாதைக்காரர், கடிகாரத்தைப் பார்த்ததற்கு மன்னிப்பும் கேட்டார். பதினான்காவது "நீங்க போங்க"வில் எனக்குள் ஏதோ அறுந்தது. லொரெட்டாவிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"அப்பா! ஒரே ஒரு தடவைதான் கேப்பேன். உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

அரங்கம் மூச்சை இழுத்துப் பிடித்தது. பெற்ற அப்பாவை, அத்தனை பேர் முன்னால், ஒரே ஒரு தடவை! வெர்னா அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். புத்தகத்தில் அந்தப் பெயரின் முதல் பாதிக்கு என்ன போட்டிருந்தது என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. ஆனாலும் அது எழுபத்து நாலு வருஷம் கழித்து எங்கிருந்தோ கிளம்பி வந்தது.

"வேணும்."

யாரோ ஒரு அம்மாளின் கையிலிருந்து பிளாஸ்க் விழுந்து படி படியாக உருண்டது.

"வேணும்மா. வண்டியும் ஓட்டணும். என் பேரும் அதுல இருக்கணும். முந்தா நாளு ராத்திரி தூங்கவே இல்ல தெரியுமா, எந்த மாதிரி எழுத்துல அடிப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

ஊரே வெட்கத்தில் செத்துப்போனது. சட்டையில்லாமல் நிற்கிற மனிதரிடமிருந்து திருப்பிக்கொள்வது போல எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் திருப்பிக்கொள்ளவில்லை. வில்ஃப்ரெட் பெட்டிபீஸ் தக்காளியாகச் சிவந்து எழுந்து நின்றார்.

"எனக்கும்தான்டா வேணும்!"

"அப்புறம் ஏன்டா என்னப் போ போன்னே?"

"நீதானடா மொதல்ல என்னப் போன்னே!"

இருபத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு 'நீங்க' போய் 'நீ' வந்தது. 'டா'வும் கூடவே வந்தது. அவர்களுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை, அவ்வளவு கோபம்.

"உனக்கு என்ன தகுதி இருக்கு?" என்று கத்தினார் பெட்டிபீஸ். "நீ தீட்டித் தீட்டிக் குடுப்பே, அந்தக் குரங்குங்க அதப் போட்டுக்கிட்டு என் தளத்தக் கீறிக் கீறி வைக்கும். முப்பத்தோரு வருஷம் நீ போட்ட கீறலத்தானடா நான் மூடிக்கிட்டுக் கெடந்தேன்!"

"நான் தீட்டலேன்னா கீறல் எங்கடா இருக்கும்? கீறல் இல்லேன்னா உனக்கு ஏதுடா வேலை? நாந்தான்டா உனக்குச் சோறு போட்டேன்!"

பெட்டிபீஸ் வாயைத் திறந்தார். யோசித்தார். மூடினார். "அது ஒரு வகையில உண்மைதான்" என்றார். உடனே சண்டையை விட்டுக்கொடுத்தது போல ஆகிவிட்டதே என்று, "ஆனாலும் உனக்கு வண்டி ஓட்டத் தெரியாது!" என்று சேர்த்துக்கொண்டார்.

"தெரியாதுதான். சொல்லிக் குடு."

"இத மொதல்லயே கேக்கறதுக்கு என்ன?" என்றார் அவர்.

அப்பா ஆசனத்தில் ஏறினார். பெட்டிபீஸ் பக்கப் படியில் தொற்றிக்கொண்டு, காதுக்குள்ளேயே கத்த ஆரம்பித்தார். "இடது! இடதுங்கறேன்! உன் இடது இல்லடா, என் இடது! தண்ணியத் தொறக்காதே! எதுக்குத் தொறந்தே? இப்ப எதுக்கு மூடினே?" வண்டி பாம்பாக நெளிந்து போனது. கோல் கம்பத்தை ஒருமுறை மெதுவாகவும், அது போதாதென்று பின்பக்கமாக இன்னொரு முறை பலமாகவும் முட்டியது. ரிப்பன் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நடுத்தளத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பனிமேடு எழுந்தது. அப்பா அதற்கு மேலேயே ஏற்றி இறக்கி, தொப்பியைக் கழற்றிக் கூட்டத்துக்கு ஆட்டினார். வெர்னா அத்தை பெஞ்சு மேல் ஏறி நின்று விசிலடித்தாள். ஆட்டம் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். எங்கள் பையன்கள் அந்த மேட்டில் தடுக்கித் தடுக்கி விழுந்து ஒன்பதுக்கு ஒன்றில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது இரண்டு பேரும் தகட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இத மாத்திடு மார்லா" என்றார் அப்பா. கேட்கவில்லை, சொன்னார்.

"மாத்திடறேன்பா. ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன்."

"அதான் சரி" என்றார் பெட்டிபீஸ். தகட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யாரு பேரு மொதல்ல?"

"வயசுப்படிப் போட்டா நாந்தான்" என்றார் அப்பா.

"ஓட்டின வருஷப்படிப் போட்டா நான்."

"லொரெட்டா தகட்டுல வருஷக் கணக்கா கேட்டா?"

"வயசுக் கணக்கு மட்டும் கேட்டாளா?"

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. தினமும் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் ஒரே காரில் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள். ஒருநாள் பெட்டிபீஸ் ஓட்டுகிறார், ஒருநாள் அப்பா. உள்ளே நுழையும்போதே சத்தம் கேட்கும். காப்பி வேண்டுமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் "வேணும்" என்கிறார்கள். குடித்துக்கொண்டே யார் பெயர் முதலில் என்று மத்தியானம் வரை அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் முழங்கால் வலி, மீன், செத்துப்போனவர்கள், எல்லாம் வருகிறது. பிறகு, "நாளைக்கு வர்றேன், உன்ன விடறதா இல்ல" என்று சொல்லிக்கொண்டு, ஒன்றாகச் சாப்பிடப் போகிறார்கள். பிஷப் கூட ரோமுக்கு இத்தனை முறை நடந்திருக்க மாட்டார்.

பெயர்களை மேலும் கீழும் இல்லாமல் வட்டமாகச் செதுக்கித் தர முடியும், யார் முதல் என்ற பேச்சே வராது என்று பட்டறைக்காரர் டிசம்பரிலேயே சொல்லிவிட்டார். மாதிரி கூட அனுப்பியிருக்கிறார், அழகாக இருக்கிறது. இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். அதை நான் அவர்களிடம் காட்டப் போவதில்லை.